வெப்பம் எந்த வழியாக வருகிறது?

8ஆம் வகுப்பில் 'வெப்பம்' பாடத்தை முடித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் மூன்று சொற்கள் தடையில்லாமல் வரும்: வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு. எடுத்துக்காட்டும் கூடவே வரும். குழம்பில் கிடக்கும் கரண்டி சூடாவது கடத்தல். உலைநீர் அடியிலிருந்து மேலே எழுவது சலனம். சூரியனின் வெப்பம் நம்மை அடைவது கதிர்வீச்சு. தேர்வில் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். அதே பிள்ளையிடம் இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "ஒரே அளவுள்ள இரண்டு ஐஸ் கட்டிகள். ஒன்றைத் தட்டில் அப்படியே வைக்கிறோம். இன்னொன்றைக் கம்பளித் துணியில் சுற்றி வைக்கிறோம். எது முதலில் உருகும்?"

"கம்பளியில சுத்துனதுதான் டீச்சர். கம்பளி சூடாக்கும்ல, அதனால சீக்கிரமா உருகிரும்."

ஏறத்தாழ வகுப்பு முழுவதும் இதே விடையைத்தான் சொல்லும். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் 7, 8ஆம் வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். ஆண்டுதோறும் இதே விடை. கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெப்பம் போகும் வேகத்தைக் குறைக்கிறது. நம் உடல் வெப்பம் வெளியே போவதை எப்படித் தடுக்கிறதோ, அப்படியே வெளி வெப்பம் ஐஸ் கட்டிக்குள் நுழைவதையும் தடுக்கிறது. இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். ஆனால் மனத்தில் கம்பளி சூடாகவேதான் இருக்கும்.

அந்த எண்ணம் மாற வேண்டுமானால் பிள்ளைகள் வெப்பத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒரு பொருளை அவர்களே வடிவமைத்து, அது தோற்றுப்போவதைப் பார்த்து, காரணம் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். ஆறு பாடவேளைகளில் இதை எப்படிச் செய்யலாம், எந்த இடத்தில் இது வெறும் கைவேலையாகச் சரிந்துவிடும், அதை எப்படித் தடுப்பது என்பதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொட்டுப் பார்ப்பதும் அளந்து பார்ப்பதும்

முதல் பாடவேளையில் கட்டுமானம் எதுவும் இல்லை. சத்துணவுத் தட்டு ஒன்று, மரப்பலகை ஒன்று, வெப்பநிலைமானி ஒன்று போதும். எவர்சில்வர் தட்டையும் பலகையையும் முந்தைய நாளே வகுப்பறையின் ஒரே மூலையில், நிழலில் வைத்துவிடுகிறேன். மார்கழி, தை மாதக் காலைவேளையில் பிள்ளைகள் இரண்டையும் தொட்டால் தட்டு சில்லென்று இருக்கும், பலகை அப்படி இராது. "தட்டு குளிர்ச்சி, பலகை கொஞ்சம் சூடு" என்பார்கள். வெப்பநிலைமானியை இரண்டின் மேலும் மாறி மாறி வைத்தால் ஒரே அளவைத்தான் காட்டும்.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும். நம் வட்டாரத்தில் இன்னோர் அடி எடுத்துவைக்க முடியும். நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 டிகிரி செல்சியஸ். அறை வெப்பநிலை அதைவிடக் குறைவாக இருக்கும்போது தட்டு நம் கையிலிருந்து வெப்பத்தை வேகமாக இழுக்கிறது, சில்லென்று உணர்கிறோம். பங்குனி, சித்திரையில் பிற்பகல் வெப்பநிலை 38 டிகிரியைத் தாண்டும்போது அதே தட்டை நிழலிலேயே வைத்துத் தொட்டால், பலகையைவிடத் தட்டுதான் சுடுவதாகத் தோன்றும். இப்போது வெப்பம் தட்டிலிருந்து கைக்கு வேகமாக வருகிறது. ஒரே தட்டு தை மாதத்தில் குளிர்ச்சி, சித்திரையில் சூடு! உலோகத்துக்கு இயல்பாகவே குளிர்ச்சி உண்டு என்ற எண்ணம் இந்த இடத்தில் ஆட்டம் காணும். ஜனவரியில் ஒருமுறை, ஏப்ரலில் ஒருமுறை இச்சோதனையைச் செய்து இரண்டு முடிவுகளையும் சுவரில் ஒட்டி வைத்தால் விளக்கமே தேவைப்படாது.

அந்தப் பாடவேளையின் முடிவில் பலகையில் ஒரே ஒரு வரி எழுதுவேன்: வெப்பம் எப்போதும் வெப்பநிலை மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கே செல்லும், குளிர்ச்சி என்று எதுவும் நகர்வதில்லை. "ஐஸ்ல இருந்து குளிர்ச்சி வெளியே போகுது" என்று யாராவது சொன்னால், அடுத்துவரும் வகுப்புகள் முழுவதும் அந்த வரியைத்தான் காட்டுவேன்.

நீலப் பெட்டி

அடுத்து ஒரு சிக்கல் வேண்டும். அமெரிக்க நடுநிலை வகுப்புகளில் ஐஸால் செய்த சிறு பென்குவினை உருகாமல் காக்கும் வீடு கட்டச் சொல்லும் செயல்பாடு ஒன்று உண்டு. நல்ல செயல்பாடுதான். ஆனால் நம் பிள்ளைகளுக்குப் பென்குவின் தேவையில்லை. புதன்கிழமைகளில் அங்கன்வாடிக்கு வரும் கிராம சுகாதார செவிலியரின் கையில் நீலப் பெட்டி இருக்கும். அதைப் பார்க்காத பிள்ளை கிடையாது. தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு போய் அதன் அருகில் நின்றவர்கள்தான் எல்லாரும்.

அந்தப் பெட்டிக்குள் நான்கு ஐஸ் பேக்குகள் சுற்றிலும் நிற்க, நடுவில் தடுப்பூசி மருந்துக் குப்பிகள் இருக்கும். வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் உள்ளே 2 முதல் 8 டிகிரி வரைதான் இருக்க வேண்டும். மிகுந்தால் மருந்தின் ஆற்றல் குறையும். குறைந்தாலும் ஆபத்து: பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ்-பி போன்ற தடுப்பூசிகள் உறைந்துவிட்டால் பயன்படாது. அதனால்தான் உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே பெட்டிக்குள் வைப்பதில்லை. அது வியர்த்து, குலுக்கினால் உள்ளே நீர் அலம்பும் ஓசை கேட்கும் வரை வெளியில் வைத்திருப்பார்கள். உறைபெட்டியில் ஐஸ் சுழிக்குக் கீழே பல டிகிரி இறங்கியிருக்கும். ஐஸும் நீரும் சேர்ந்திருக்கும் நிலையில்தான் வெப்பநிலை 0 டிகிரியில் நிலைக்கும். 'உள்ளுறை வெப்பம்' என்று நாம் நடத்தும் பாடத்தை அந்தச் செவிலியர் வாரந்தோறும் செய்துகாட்டுகிறார்.

குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் சிறு அடையாளத்தையும் சொல்லித் தரலாம். ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். வெப்பம் படப்பட உள்ளே இருக்கும் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு அது வந்துவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு பெட்டியின் வடிவமைப்பு தவறினால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகள் இங்கே உணர்கிறார்கள். பெட்டி தோற்றால் குழந்தைக்குப் போட்ட ஊசி வீண்.

இப்போது அவர்களுக்கான சவால்: "50 கிராம் ஐஸை, நண்பகல் வெயிலில் 30 நிமிடம், முடிந்தவரை உருகாமல் காக்கும் பெட்டி ஒன்றைச் செய்யுங்கள்."

விதிகளும் பொருள்களும்

வரம்புகள் இல்லாத வடிவமைப்பு கிடையாது. நான் வைக்கும் வரம்புகள் இவை. பெட்டியின் வெளிப்பக்கம் எந்தத் திசையிலும் 20 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. விலைக்கு வாங்கும் பொருள் 10 ரூபாய்க்கு மேல் கூடாது. ஐஸ் வைக்கும் கிண்ணம் எல்லாக் குழுவுக்கும் ஒரே மாதிரி. பெட்டியைத் திறந்து மூட வழி இருக்க வேண்டும். ஒட்டிவிட்டு வெட்டி எடுப்பது செல்லாது. குழுவுக்கு நான்கு அல்லது ஐந்து பேர்.

பொருள்களுக்கு ஊரே கிட்டங்கி. நெல் அவிக்கும் இடத்தில் உமி, மர அறுப்புப் பட்டறையில் மரத்தூள், பழைய சாக்கு, வைக்கோல், பனையோலை, தென்னங்கீற்று, அட்டைப்பெட்டி, செய்தித்தாள், உள்ளே பளபளக்கும் சிப்ஸ் பாக்கெட் உறைகள், பழக்கடையில் தூக்கிப்போடும் தெர்மோகோல். அருப்புக்கோட்டைப் பக்கம் நூற்பாலைகள் இருப்பதால் கழிவுப்பஞ்சும் கிடைக்கும். ஐஸுக்கு ஊரில் குளிர்பதனப்பெட்டி உள்ள வீடோ ஜூஸ் கடையோ போதும்.

அளவிடுவது எளிது. 30 நிமிடம் முடிந்ததும் கிண்ணத்தில் தேங்கிய நீரை அளவு ஜாடியில் ஊற்றினால் போதும். 1 மில்லி லிட்டர் என்றால் 1 கிராம் ஐஸ் உருகியிருக்கிறது. மளிகைக்கடை மின்தராசு கிடைத்தால் மீந்த ஐஸை நிறுத்தும் சரிபார்க்கலாம்.

கட்டத் தொடங்கும் முன் ஒரு கணக்கு. 1 கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும். 50 கிராமுக்கு 16,700 ஜூல். தெளிந்த வானத்தில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் அளவுக்கு விழுகிறது. நம் பெட்டியின் மேல்மூடி 10 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் கொண்டது என்றால் அதன்மேல் விழுவது 10 வாட், அதாவது வினாடிக்கு 10 ஜூல். அத்தனையும் ஐஸைச் சென்றடைந்தால் 1,670 வினாடிகளில், அதாவது 28 நிமிடங்களில், கட்டி முழுவதும் நீராகிவிடும். மூடி வழியே வரும் வெயில் ஒன்றே போதும். சுற்றியுள்ள சூடான காற்று வேறு காத்திருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். எதிரியின் பலம் தெரிந்துவிட்டதல்லவா!

காரணச் சீட்டு

இந்தச் செயல்பாட்டில் மிக முக்கியமானது எது என்று கேட்டால், ஒரு துண்டுத்தாள் என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு குழுவும் கத்தரிக்கோலைத் தொடும் முன் ஒரு சீட்டை நிரப்பித் தர வேண்டும். அதில் மூன்று கேள்விகள்: வெப்பம் எந்த வழியாக உள்ளே வரும்? அதை எதைக் கொண்டு தடுக்கிறோம்? அந்தப் பொருள் எப்படித் தடுக்கிறது?

சீட்டு இல்லாமல் செய்தால் பிள்ளைகள் உற்சாகமாகப் பெட்டி செய்வார்கள், வண்ணத்தாள் ஒட்டுவார்கள், யார் வென்றார் என்று கூச்சலிடுவார்கள், வீட்டுக்குப் போய்விடுவார்கள். கம்பளி அப்போதும் சூடாகவே இருக்கும். கை செய்ததற்கும் மனம் நினைத்ததற்கும் இடையே பாலமாக இருப்பது அந்தச் சீட்டுதான். தவறாக எழுதினாலும் திருத்தாமல் வாங்கி வைத்துக்கொள்வேன். திருத்த வேண்டியது வெயிலின் வேலை.

சீட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் சில எண்ணங்களையும், அவற்றை எப்படி எதிர்கொள்ளலாம் என்பதையும் சொல்கிறேன்.

"வெள்ளிக் காகிதம் குளிர்ச்சி தரும்." இப்படி எழுதிய குழு பளபளக்கும் உறையை ஐஸ் கிண்ணத்தோடு ஒட்டச் சுற்றிவிட்டு வேறு எதுவும் வைக்காது. பளபளப்பான பரப்பு கதிர்வீச்சைத் திருப்பியனுப்பும். அதுதான் அதன் வேலை. ஒட்டித் தொட்டுக்கொண்டிருந்தால் கடத்தலை அது தடுக்காது. எனவே அதன் இடம் வெயில் படும் வெளிப்பக்கம் அல்லது இடைவெளி விட்ட உள்சுவர். 'எந்தப் பொருள்' என்பதோடு 'எந்த இடத்தில்' என்பதும் வடிவமைப்பின் பகுதி என்பது இதில் தெரியவரும். 1892இல் ஜேம்ஸ் டீவார் உருவாக்கிய வெற்றிடக் குடுவையின் படத்தை அப்போது காட்டலாம். இரட்டைச் சுவருக்கு இடையே வெற்றிடம். கடத்தலும் சலனமும் அங்கே செல்லாது. சுவரில் வெள்ளிப்பூச்சு, கதிர்வீச்சு திரும்பிவிடும். மூன்று வழிகளுக்கும் ஒரே குடுவையில் பதில்.

"பஞ்சை நல்லா அமுக்கி வச்சா வெப்பம் நுழையாது." உண்மையில் வெப்பத்தைத் தடுப்பதில் பஞ்சைவிடப் பஞ்சுக்குள் அடைபட்ட காற்றுக்கே பெரும்பங்கு. காற்று மிக மோசமான கடத்தி. தெர்மோகோல், உமி, வைக்கோல், கம்பளி எல்லாம் காற்றை அசையவிடாமல் சிறுசிறு அறைகளில் பூட்டி வைக்கும் பொருள்கள். அமுக்கினால் காற்றும் வெளியேறும், சுவரின் தடிமனும் குறையும். ஒரு குழுவை அமுக்கியும் மற்றொரு குழுவை உதிரியாகவும் வைக்கச் சொல்லி ஒப்பிட்டால் விவாதம் தானே நடக்கும்.

"கதவு பக்கவாட்டில் இருந்தால் எடுக்க வசதி." வசதிதான். ஆனால் குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது, கீழே இறங்கும். பக்கத்துக் கதவைத் திறந்தால் அது வழிந்து வெளியேற, வெளிக்காற்று மேல்பகுதி வழியே நுழையும். கடையில் ஐஸ்கிரீம் பெட்டி ஏன் மேல்பக்கம் திறக்கிறது, செவிலியரின் நீலப் பெட்டிக்கு ஏன் மேலே மூடி என்று கேளுங்கள். சலனம் என்ற சொல் அங்கே உயிர் பெறும்.

"ஈரச் சாக்கு போட்டா ஜில்லுனு இருக்கும்." இதுதான் மிகச் சுவையான வாதம். மண்பானை வளர்த்த பிள்ளைகள் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். சொல்வதில் உண்மையும் இருக்கிறது. நீர் ஆவியாகும்போது கிராமுக்கு ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் பானைத்தண்ணீர் 5 டிகிரி குளிர, கணக்குப்படி 9 கிராம் நீர் ஆவியானால் போதும். காற்றில் ஈரப்பதம் குறைந்த நம் வறண்ட பூமியில் ஆவியாதல் விரைவாக நடக்கும். கடற்கரை ஊர்களைவிட இங்கே பானைத்தண்ணீர் நன்றாகக் குளிர்வது அதனால்தான். ஆனால் நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஈரம் உமிக்குள்ளோ பஞ்சுக்குள்ளோ இறங்கினால் தடுப்புச்சுவர் கெட்டுவிடும். அப்படியானால் ஈரச் சாக்கை எங்கே வைப்பது? பாலித்தீன் தாள் ஒன்றை இடையில் வைத்து, அதற்கு வெளியே. இந்த விடையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்வரை நான் காத்திருப்பேன்.

தோல்விக்குப் பின் ஒரு பாடவேளை

முதல் சோதனை முடிந்ததும் பெரும்பாலான செயல்பாடுகள் முடிந்துவிடும். உண்மையான கற்றல் இரண்டாவது சோதனையில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். எனவே முதல் சுற்றில் வெற்றி தோல்வி அறிவிப்பதில்லை. ஒவ்வொரு குழுவும் தன் பழைய சீட்டை எடுத்து, "நாம் அடைக்காமல் விட்ட வழி எது?" என்று எழுத வேண்டும். பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்யலாம். ஒன்றுதான். நான்கை ஒரே நேரத்தில் மாற்றினால் எந்த மாற்றம் பலன் தந்தது என்று தெரியாமல் போகும். இரண்டாம் சுற்றில் ஒரு குழுவை மற்றொரு குழுவோடு ஒப்பிடுவதில்லை. அதன் முதல் சுற்றோடு மட்டுமே ஒப்பிடுகிறோம். உருகிய நீர் குறைந்திருந்தால் அந்தக் குழு வென்றது.

இரண்டு சுற்றுக்கும் இடையில் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்வேன். கதை என்றாலும் நடந்தது. ஐஸ் இயந்திரம் புழக்கத்துக்கு வராத காலத்தில், 1833 மே மாதம், அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அனுப்பியவர் பிரடெரிக் டியூடர் என்ற வணிகர். குளிர்காலத்தில் உறைந்த குளங்களிலிருந்து வெட்டி எடுத்த ஐஸ் அது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதம் கடலில் கிடந்து, செப்டம்பரில் கல்கத்தா சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் மீதம் இருந்தது!

காத்தது எது? மர அறுப்பாலைகளில் வீணாகக் கிடந்த மரத்தூள், வைக்கோல், நெருக்கி அடுக்கிய பெரிய பெரிய கட்டிகள். சென்னைக்கும் அந்த ஐஸ் வந்தது. அதைச் சேமிக்க 1842இல் கடற்கரையில் எழுந்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். இயந்திர ஐஸ் வந்த பிறகு அந்த வணிகம் மறைந்துவிட்டது.

இந்தக் கதையில் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, யாரும் விரும்பாத கழிவுப்பொருள்தான் வணிகத்தைக் காப்பாற்றியது. அங்கே மரத்தூள், இங்கே உமியும் கழிவுப்பஞ்சும். இரண்டு, கட்டி பெரிதாக இருந்தது. ஒரே எடையுள்ள ஐஸைச் சிறு துண்டுகளாக வைத்தால் மேற்பரப்பு மிகுதி. வெப்பம் நுழையும் வாசலும் மிகுதி. இதைக் கேட்டதும் ஐஸ் துண்டுகளைக் கிண்ணத்தில் நெருக்கி அடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

கரிமூட்டம் சொல்லும் பாடம்

அரிதிற் கடத்தி குளிர்ச்சிக்கு மட்டுமே உரியது என்ற புதிய தவறு இந்தக் கட்டத்தில் முளைக்க வாய்ப்பு உண்டு. அதற்கு மருந்து திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்திலேயே இருக்கிறது. சீமைக்கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போடும் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். கரிமூட்டத்தைப் பற்றி அவர்களைப் பேசவிடுங்கள். விறகை நெருக்கி அடுக்குவது, மேலே தழையோ வைக்கோலோ பரப்புவது, அதன்மேல் ஈரமண் பூசுவது, தீ வைத்த பின் இரவிலும் போய்ப் பார்ப்பது, எங்காவது வெடிப்பு கண்டால் உடனே மண்ணைப் போட்டு மூடுவது.

"மூடலைன்னா அந்த இடம் பத்திக்கிரும் டீச்சர். காலையில பாத்தா சாம்பலாத்தான் இருக்கும்" என்பான் ஒருவன். அவனிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். மண் எதை உள்ளே விடாமல் தடுக்கிறது? எதை வெளியே விடாமல் தடுக்கிறது? காற்றை உள்ளே விடாமல், வெப்பத்தை வெளியே விடாமல். விறகு எரியாமல் கரியாக மாற வேண்டுமானால் இரண்டும் வேண்டும். மூட்டத்தின் தழையும் மண்ணும் உள்வெப்பத்தைக் காக்கின்றன. நம் பெட்டியின் உமியும் பஞ்சும் வெளிவெப்பத்தைத் தடுக்கின்றன. வேலை ஒன்றே, திசைதான் வேறு.

தொடக்கத்தில் வரும் அடர்ந்த வெண்புகையில் பெரும்பகுதி விறகின் ஈரம், புகை மெலிந்து நீலம் பாய்ந்தால் கரி ஆகிவிட்டது என்று புகையைப் பார்த்தே நிலையறியும் அனுபவத்தையும் பிள்ளைகள் வீட்டில் கேட்டுவந்து சொல்வார்கள். தேர்வுத்தாளில் மூன்று மதிப்பெண் எடுக்கத் தடுமாறும் பையன் அன்று வகுப்புக்கே பாடம் நடத்துவான். தன் தந்தை செய்யும் வேலைக்குள் அறிவியல் இருக்கிறது என்பதை வகுப்பின் முன் சொல்ல ஒரு பிள்ளைக்கு வாய்ப்புக் கிடைப்பது சிறிய செய்தி இல்லை.

பெட்டியிலிருந்து கூரைக்கு

கடைசிப் பாடவேளையில், பெட்டியில் கற்றதைத் தலைக்கு மேல் இருக்கும் கூரைக்குப் பயன்படுத்தச் சொல்கிறேன். 6 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள வகுப்பறைக் கூரையின் பரப்பு 36 சதுர மீட்டர். உச்சி வெயிலில் அதன்மேல் விழுவது ஏறத்தாழ 36,000 வாட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் 36ஐக் கூரைமேல் அடுக்கிய கணக்கு. எல்லாமே உள்ளே வருவதில்லை; ஒரு பகுதி எதிரொளிக்கிறது, ஒரு பகுதியைக் காற்று கொண்டுபோகிறது. மீதியைக் கான்கிரீட் உறிஞ்சி மெல்ல மெல்ல உள்ளே கடத்துகிறது. 12 செ.மீ. தடிமனுள்ள கான்கிரீட்டைக் கடக்க வெப்பத்துக்குச் சுமார் 3 மணி நேரம் ஆகும். உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு என்றாலும் வகுப்பறை பிற்பகல் மூன்று மணிக்குக் கொதிப்பது இதனால்தான். அப்போது கூரையின் உட்பரப்பு நம் தலைமேல் வெப்பக் கதிர்களை வீசிக்கொண்டிருக்கும். மின்விசிறி காற்றை நகர்த்தும், கூரையைக் குளிர்விக்காது.

பிள்ளைகளிடம் அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வழி எது, தடுப்பு எது, காரணம் என்ன? வெயிலை மேலேயே திருப்பியனுப்ப வெள்ளைப்பூச்சு. கடத்தலைக் குறைக்கத் தட்டோடு அல்லது காற்றிடைவெளி உள்ள இரண்டாம் கூரை. சூடேறி மேலெழும் காற்று வெளியேற உயரத்தில் திறப்பு. வெயிலே படாமல் செய்ய வேப்பமரம். ஒவ்வொரு யோசனைக்கும் செலவு, ஆயுள், பராமரிப்பு என்று எடைபோடச் சொல்லலாம். மழைக்காலம் முடிந்ததும் சுண்ணாம்புப் பூச்சு மங்கிவிடும். மீண்டும் பூச வேண்டும். பனையோலை நன்றாகக் குளிரும். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. சரியான ஒரே விடை என்று இதில் கிடையாது.

இது வகுப்பறைக் கற்பனை மட்டும் இல்லை. 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்த அகமதாபாத், பின்னர் எளிய வீடுகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணியையும் மேற்கொண்டது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே கொள்கை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நம் பிள்ளைகளில் பலர் தகரக் கூரையின் கீழும் சிமென்ட் சீட்டின் கீழும் படித்து உறங்குபவர்கள். அவர்களுக்கு வெப்பப் பரிமாற்றம் என்பது அன்றாட வாழ்வு.

மேல்மாடி அறையிலும் தரைத்தள அறையிலும் ஒரு வாரம் மணிக்கொருமுறை வெப்பநிலையைக் குறித்து, அந்த வரைபடத்தோடு தங்கள் பரிந்துரையைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகளே வைக்கட்டும். "அறை சூடா இருக்கு" என்று சொல்வதற்கும், "மூன்று மணிக்கு மேல்மாடி அறை கீழறையைவிட இத்தனை டிகிரி அதிகம், காரணம் கூரை, இதுதான் தீர்வு" என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெரியவர்கள் கவனிப்பார்கள்.

சில நடைமுறைக் குறிப்புகள்

ஆறு பாடவேளைகளை இப்படிப் பிரிக்கலாம்: தொட்டறிதல் ஒன்று, சிக்கலும் கணக்கும் காரணச் சீட்டும் ஒன்று, கட்டுவதும் முதல் சோதனையும் ஒன்று, விவாதமும் திருத்தமும் ஒன்று, இரண்டாம் சோதனையும் கரிமூட்டமும் ஒன்று, கூரை ஒன்று. சோதனைப் பாடவேளை நண்பகலை ஒட்டி அமையுமாறு கால அட்டவணையை முன்கூட்டியே மாற்றிக்கொள்வது நல்லது.

வெயிலில் நிற்க வேண்டியது பெட்டிதான், பிள்ளைகள் நிழலில் இருக்கட்டும். பெட்டிகளை ஆசிரியரே வைத்து எடுக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளைகளைக் கூரைமேல் ஏற்றக் கூடாது. தெர்மோகோலை வெட்டும் வேலை ஆசிரியருடையது. மீந்த துண்டுகளை எரிக்கக் கூடாது. பாதரச வெப்பநிலைமானிக்குப் பதில் ஆல்கஹால் அல்லது எண்ணியல் வகையைப் பயன்படுத்துங்கள்.

மதிப்பீட்டுக்கு மீந்த ஐஸின் அளவை எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் சீட்டை மதிப்பிடுங்கள். வழியைச் சரியாகச் சொன்னதா, பொருளை அந்த வழியோடு பொருத்தியதா, முதல் சுற்றின் முடிவைக் காரணமாகக் காட்டியதா என்று பாருங்கள். நன்றாக உருகிப்போன பெட்டிக்கும் நல்ல காரணத்துக்காக முழு மதிப்பெண் தரலாம்.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்துக் கம்பளிக் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "மீன்கடைக்காரர் ஐஸ் பெட்டியைச் சாக்கு போட்டு மூடுகிறார். சாக்கு சூடா, குளிர்ச்சியா?" "ரெண்டும் இல்ல டீச்சர், அது சும்மா தடுக்குது" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தால் ஆறு பாடவேளையும் பலன் தந்துவிட்டது. வராவிட்டால் இன்னும் 50 கிராம் ஐஸும் ஒரு நண்பகலும் தேவைப்படுகின்றன, அவ்வளவுதான். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.